ஆறு பொட்டலம் ஹாப்ஸும் ஒரு தலையணையும்

என் தங்கை புருஷன் அலோய்ஸ் இந்தக் கதைக்கு முன்னாலேயே தொடர்ந்து ஒன்பது வருஷம் கரடியாக இருந்தவன். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, பட்டாணி வைக்கோலை உடம்பெல்லாம் சுற்றி, இடுப்பில் மணி கட்டி, முகமூடி மாட்டிய ஓர் ஆளைச் சங்கிலியில் பிடித்து வீடு வீடாக அழைத்துப் போவோம். அந்தக் கரடியோடு வீட்டுக்காரி ஒரு சுற்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் ஆகாது என்பார்கள். மற்ற ஊர்களில் கரடியைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்று காலையிலேயே தீயணைப்புப் படைக் கூடத்தில் வீட்டு பீர் போட்டி நடக்கும். அதில் கடைசியாக வருகிறவன்தான் மத்தியானம் கரடி.

அலோய்ஸ் முப்பத்துநான்கு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக். பஸ் தெருமுனையில் திரும்பும்போதே எந்த கியரில் கோளாறு என்று காதால் கேட்டுச் சொல்வான். ஓய்வு பெற்றதும் அவன் அம்மாவின் துணி வெளுக்கிற செப்பு அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்காத குறையாகப் பளபளவென்று ஆக்கி, பீர் காய்ச்ச ஆரம்பித்தான். கை சுத்தம், கணக்கு சுத்தம், பொறுமையும் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் பீர் கெட்டுப்போயிற்று. காரணம் ஹாப்ஸ்.

நாங்கள் இருப்பதோ ஷாடெட்ஸ் பக்கம். எங்கள் வயல்களில் கம்பம் கம்பமாக ஏறி நிற்பது ஹாப்ஸ் கொடிதான். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற இந்தப் பச்சைப் பூவைப் பறிக்கத் தெரியாத கை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அதில் ஒரு பிடியை நாலு மாசம் கெடாமல் வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இங்கே இல்லை. ஆகஸ்டில் பறிப்போம், உலர்த்துவோம், ஆள் உயரச் சாக்கில் மிதித்து அடைப்போம், லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்கப்புறம் அது எங்கள் கவலை இல்லை. பால் கறக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தயிர் தோய்க்கத் தெரிந்துவிடுமா என்ன?

முதல் வருஷம் அலோய்ஸ் பூவைக் காகிதப் பையில் போட்டுப் பரணில் வைத்தான். ஓட்டுச் சூட்டில் வெந்து, டிசம்பரில் பையைத் திறந்தபோது பழைய பாலாடைக்கட்டி வாசனை மூக்கைத் துளைத்தது. மனுஷன் அதையே போட்டுக் காய்ச்சினான். இரண்டாம் வருஷம் கண்ணாடி ஜாடியில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தான், வெயில் குடித்துவிட்டது. மூன்றாம் வருஷம் கராஜில் டயர்களுக்கு நடுவே. நாலாம் வருஷம் நிலவறையில், ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில். அதற்கடுத்த வருஷம் துணி அலமாரியில், பூச்சி உருண்டைகளோடு.

போட்டி நடுவர்களுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தீயணைப்புப் படைத் தலைவர் செவெரின்தான் மூத்த நடுவர், ஹாப்ஸ் விவசாயியும்கூட. அவர் அலோய்ஸின் கிளாஸை முகர்ந்து பார்ப்பார், கண்ணை மூடுவார், "கராஜ்!" என்பார். கூடமே கைதட்டும். அலோய்ஸும் சிரித்துக்கொண்டே வைக்கோல் சுற்றிக்கொள்ளப் போவான்.

கூடத்தில் சிரிப்பவன் வீட்டில் சிரிக்க மாட்டான். போட்டிக்குக் கிளம்பும் முன்னால் சமையலறை மேஜையில் ஒரு கிளாஸ் பீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவான், என் தங்கை பிளாங்காவுக்காக. திரும்பி வந்ததும் முதலில் அந்தக் கிளாஸைத்தான் பார்ப்பான். பிளாங்கா தபாலாபீஸ் கவுண்ட்டரில் உட்காருகிறவள், ஒரு காசு, ஒரு கிராம் பிசகாதவள். புருஷன் மனசு நோகக் கூடாது என்று தொட்டியில் கொட்டிவிட்டுக் குடித்தேன் என்று பொய் சொல்லவும் வராது. இரண்டு விரல்கடை குறைந்திருக்கும். மீதி அப்படியே நிற்கும். ஒன்பது வருஷமும் அப்படித்தான் நின்றது.

"எனக்கு முதல் பரிசெல்லாம் வேணாம் யர்மிலா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். "அவ ஒரு கிளாஸை முழுசாக் குடிக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப கடையில வாங்கி ஊத்து" என்றேன். நான் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள். நயமாகப் பேசிப் பழக்கம் இல்லை.

பத்தாவது வருஷம் அவன் ஒரு மெஷினோடு வந்து நின்றான். பிளாஸ்டிக் பையில் எதைப் போட்டாலும் காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டிவிடும். செவெரினின் டிராக்டரைச் சரிபண்ணிக் கொடுத்ததற்குக் கூலியாக, உலர்த்திய அன்றே முந்நூறு கிராம் பூ வாங்கியிருந்தான். ஐம்பது ஐம்பது கிராமாக ஆறு பொட்டலம், ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"இதுக்கு மூணு எதிரிங்க யர்மிலா. காத்து, சூடு, வெளிச்சம். காத்தை நான் எடுத்துட்டேன். மத்த ரெண்டையும் உன் ஃப்ரீசர் பாத்துக்கும்."

"ஃப்ரீசர்லயா? பூவை யாராச்சும் ஐஸ்ல போடுவாங்களா? எங்கப்பா நாப்பது வருஷம் ஹாப்ஸ் போட்டாரு. ஒரு நாள் ஐஸ்ல வெச்சதில்ல."

"உங்கப்பா ஒரு நாள்கூட அதை வெச்சிருந்ததே இல்லையே. லாரியிலதானே ஏத்துனாரு?"

உண்மைதான், ஏற்றினார். அதனால் கோபம் வந்தது. ஆனாலும் அடித்தட்டில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ஆளே படுக்கக்கூடிய பெட்டி ஃப்ரீசர் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் என் பன்றியை அறுத்தோம். அறுக்கிற நாளில் வீடு எப்படி இருக்கும் என்று அறுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ரத்தத் தொத்திறைச்சி கிளறுகிறேன், ஒரு பக்கம் கொழுப்பு உருகுகிறது, தொடையும் விலாவும் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. ஃப்ரீசரைத் திறந்தால் இடம் பற்றவில்லை. மூலையில் அந்த ஆறு செங்கல்.

இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். மூன்று மாசம் ஐஸில் கிடந்த பூ இனி பீருக்கு ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிளாங்காவின் பெயர் நாள், அதாவது காலண்டரில் அவள் பெயர் போட்டிருக்கிற நாள், டிசம்பர் இரண்டு. அவளுக்கோ வருஷக்கணக்காகத் தூக்கம் இல்லை. பக்கத்தில் அலோய்ஸ் விடும் குறட்டை அப்படி. ஹாப்ஸ் அடைத்த தலையணையில் தலை வைத்தால் தூக்கம் வரும் என்பது எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். பொட்டலங்களை வெட்டினேன், பூவை உதிர்த்தேன், வெள்ளைத் துணியில் அடைத்தேன், சுற்றிலும் தைத்தேன். ஃப்ரீசரிலும் இடம் கிடைத்தது, பரிசும் ஆயிற்று. அலோய்ஸிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். தொத்திறைச்சி கிளறும்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பெயர் நாளுக்கு மறுநாள் காலையில் பிளாங்கா ஓடி வந்தாள். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"அக்கா, ஏழு மணி நேரம் தூங்கினேன்! அவர் குறட்டை விட்டாரான்னே தெரியல!"

பின்னாலேயே அலோய்ஸ். "என்ன தலையணை யர்மிலா அது! பூ நேத்துதான் பறிச்ச மாதிரி மணக்குது. டிசம்பர்ல இப்படி மணந்து நான் பாத்ததே இல்ல. யார் வெச்சிருந்தாங்க? அவங்க கால்ல விழுந்தாவது எப்படி வெச்சாங்கன்னு கத்துக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் சொன்னதுதான் சரி. மெஷினும் சரி, ஐஸும் சரி. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவன் ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறான், அதை நான் தலையணையில் வைத்துத் தைத்துவிட்டேன்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க" என்றேன்.

அன்று மாலையே செவெரின் வீட்டுக்குப் போனேன். வேறு முந்நூறு கிராம் வாங்கி ஓசைப்படாமல் ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்று நினைப்பு. "அக்டோபர்லயே லாரி ஏறிப்போச்சே. எதுக்கு உனக்கு ஹாப்ஸ்? நீயும் கரடி ஆகப் போறியா?" என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லாமல் பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் அவர்கள் இரண்டு பேரும் தூங்கினார்கள், நான் விழித்திருந்தேன்.

டிசம்பர் பாதியில் ஒரு சனிக்கிழமை அலோய்ஸ் அண்டாவை ஏற்றினான். ஐம்பது லிட்டர். காலையிலிருந்தே முளைகட்டின பார்லி மால்ட் வேகிற வாசனை தெருவெல்லாம் வந்தது. நான் கோவிலுக்குப் போகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குக் கோவிலில் ஒன்றும் இல்லை, பூட்டித்தான் கிடந்தது. திரும்பி வந்தால் அலோய்ஸ் என் ஃப்ரீசருக்குள் இடுப்புவரை குனிந்து நிற்கிறான்.

"யர்மிலா! இதுல பன்னி மட்டும்தான் இருக்கு!"

"என் ஃப்ரீசர். என் பன்னி. வேற என்ன இருக்கும்?"

"என் பொட்டலம் எங்க? அண்டா கொதிக்க ஆரம்பிச்சிடுச்சு, இப்ப போட்டாகணும்!"

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு கேட்டேன்."

"நீ பத்து நாளா அதுக்குப் பக்கத்துலதான் குறட்டை விடற."

அவன் மெதுவாக நிமிர்ந்தான். மீசையில் பனி ஒட்டியிருந்தது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து, "அப்ப அந்தப் பூ நான் வெச்ச பூவா?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதைப் பார்த்தேன். அந்த நேரத்திலும்!

இரண்டு பேரும் அவர்கள் வீட்டுக்கு ஓடினோம். படுக்கையறை வாசலில் பிளாங்கா தலையணையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் நான் கத்திக்கொண்டே வந்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"கிட்ட வராதீங்க. எத்தனை வருஷம் கழிச்சுத் தூங்கறேன் தெரியுமா? என் தூக்கத்தை அண்டால போட்டு வேகவெப்பீங்களா?"

அலோய்ஸ் அவளையே பார்த்தான். பிறகு கையை ஆட்டினான். "வேணாம் பிளாங்கா. நீ வெச்சுக்கோ. நல்லாத் தூங்கு."

"அப்ப பீரு?" என்றேன்.

"பூ போடாம விட்டா சக்கரைத் தண்ணி. இருந்துட்டுப் போகட்டும். வைக்கோல்தான் எனக்குப் பழகிப்போச்சே." சொல்லிவிட்டு அண்டாவைக் கிண்டப் போய்விட்டான்.

அவன் போன பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிளாங்கா ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள். அங்கே அவன் புகைக்கு நடுவில் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கத்திரிக்கோல் எடு" என்றாள்.

ஓர் ஓரத்தைப் பிரித்துப் பூவைக் கொட்டினாள். கடிதம் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று அவள் வீட்டில் உண்டு. அதில் வைத்து நிறுத்தாள், ஒரு பூவை எடுத்தாள், திரும்ப வைத்தாள். சரியாக நூற்றைம்பது கிராம், அதை ஒரு பாத்திரத்தில் போட்டாள். மீதி நூற்றைம்பதைத் தலையணைக்குள் தள்ளி, நாலு தையல் போட்டாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"இந்தாங்க. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. இதுக்கு மேல ஒரு கிராம் கிடையாது."

அலோய்ஸ் பாத்திரத்துக்குள் மூக்கை விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது, புகையால்தான் என்று சொன்னான். "ஸ்டாம்ப் ஒட்டணுமா?" என்று கேட்டான்.

"கொதிக்குது பாருங்க. போடுங்க மொதல்ல."

பிப்ரவரியில் போட்டி. அலோய்ஸ் வழக்கம்போல மேஜையில் ஒரு கிளாஸ் ஊற்றி, பாட்டிலையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். பிளாங்கா போட்டிக்கு வருவதில்லை. கூடத்தில் எட்டுப் பேர், எட்டு பீப்பாய். செவெரின் அலோய்ஸின் கிளாஸை எடுத்ததுமே கூட்டம் அமைதியாகிவிட்டது.

முகர்ந்தார். கண்ணை மூடினார். திறந்தார். "பரண்?"

"இல்ல" என்றான் அலோய்ஸ்.

"நிலவறை? முட்டைக்கோஸ்? முட்டைக்கோஸ் வாசனை இல்லையே..." மறுபடி முகர்ந்தார். "கசப்பு ரொம்பக் கம்மி. ஆனா பூ சுத்தமா இருக்கு. உள்ள ஏதோ சோப்பு மாதிரி... டேய் அலோய்ஸ், இந்த வருஷம் எங்கடா வெச்ச?"

இரண்டாம் நடுவராக எங்கள் ஊர் முடி திருத்தும் கடைக்காரி ஸ்டானா உட்கார்ந்திருந்தாள். கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அவள் கண் விரிந்தது.

"அய்யோ, இது பிர்ச் தைலம்! பிளாங்கா தலைக்குத் தடவறது. மாசாமாசம் நான்தானே தேச்சு விடறேன்? இந்த பீர்ல பிளாங்கா தலை வாசனை அடிக்குது!"

கூடம் இரண்டாகப் பிளந்துவிடும் போலச் சிரித்தது. எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. எட்டாவது இடம். பத்தாவது கரடி. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"தப்பு என்னோடது. தலையணை தெச்சது நான். இந்த வருஷம் நான் கரடியா வரேன்."

செவெரின் தலையைச் சொறிந்தார். "பீர் காய்ச்சினவன்தான் கரடி ஆகலாம் யர்மிலா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"உக்காரு யர்மிலா" என்றான் அலோய்ஸ். "இருக்கற வைக்கோல் உனக்குப் பத்தாது."

மறுபடி ஒரு சிரிப்பு. அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் திட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? உட்கார்ந்துவிட்டேன். அவன் வைக்கோல் சுற்றிக்கொள்ளும்போது நான்தான் முதுகுப்பக்கம் கயிறு கட்டிவிட்டேன். "போய்க் கிளாஸைப் பாத்துட்டு வரவா?" என்று கேட்டேன். "வேணாம், ஊர்வலம் வீட்டுக்குத்தானே வரும், அப்பப் பாத்துக்கறேன்" என்றான். அவன் குரலில் அவசரமே இல்லை, ஒன்பது வருஷம் பார்த்தவன் அல்லவா.

கரடி வீடு வீடாக ஆடியது. வாத்து அடைகாக்கிற கூட்டில் போட்டால் நல்லது என்று பெண்கள் அவன் உடம்பிலிருந்து வைக்கோலைப் பிடுங்கினார்கள். எக்காளம், பெரிய முரசு, பன்னிரண்டு வாத்தியக்காரர்கள், முப்பது குழந்தைகள். பிளாங்கா வீடு தெருவில் கடைசி. ஊர்வலம் வருவதற்குள் பொரித்த பன்களைத் தட்டில் அடுக்கி வைக்கலாம் என்று நான் முன்னால் ஓடிச் சமையலறைக் கதவைத் திறந்தேன்.

அடுப்போரப் பெஞ்சில் பிளாங்கா அந்தப் பாதித் தலையணையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கிளாஸ் மேஜையில் இருந்தது. பாட்டில் கீழே தரையில் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தேன்.

வெளியே மணிச் சத்தம் நெருங்கிவிட்டது. நான் வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் விரித்து மறித்தேன். "தூங்கறா" என்றேன்.

சங்கிலியைப் பிடித்திருந்த செவெரின், "எழுப்பு. ஒரு சுத்து ஆடணுமே. ஆடாத வீட்டுக்கு ஆகாது" என்றார்.

"எழுப்பினா கடிச்சிடுவேன்" என்றது கரடி.

முகமூடி என் பக்கம் திரும்பியது. "யர்மிலா, கிளாஸ்ல எவ்வளவு மீதி இருக்கு?"

நான் உள்ளே போய்க் கிளாஸைக் கொண்டுவந்தேன். அவன் கண்ணுக்கு நேராக அதைக் கவிழ்த்தேன். பிறகு பாட்டிலையும் கவிழ்த்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

கரடியின் வைக்கோல் குலுங்கியது. சிரித்தானா, அழுதானா, எனக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து, இடுப்பில் இருந்த மணிகளை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, வாத்தியக்காரர்களைப் பார்த்து உஸ்ஸென்றான். முரசுக்காரர் முரசைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார். செவெரின் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டார். முப்பது குழந்தைகளும் கரடிக்குப் பின்னால் நுனிக்காலில் பனியில் நடந்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன். ஒரு மணிகூட ஒலிக்கவில்லை.